வீட்டோடு புதுக் குளியலறை சேர்க்கும் முன்: கழிவுநீர் மட்டத்திலிருந்து தொடங்க வேண்டிய பிளம்பிங் திட்டம்

கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம், அருமனை, களியக்காவிளை பக்கத்தில் பழைய வீட்டை முழுதாக இடித்துக் கட்டுகிறவர்கள் குறைவு. பின்னால் ஒரு சாய்ப்பு இறக்கி அறையாக்குவார்கள். காங்கிரீட் வீடென்றால் மேலே ஒரு மாடி எடுப்பார்கள். எப்படிச் செய்தாலும் கூடவே ஒரு குளியலறை வரும். வரைபடத்தில் அதற்கு நாலுக்கு எட்டு அடி என்று ஒரு கட்டம் போட்டுவிட்டு, பைப் வேலையை பூச்சுக்கு முந்தின வாரம் பிளம்பரைக் கூப்பிட்டுப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவதுதான் வழக்கம். சிக்கல் அங்கேதான் பிறக்கிறது. ஸ்லாப் போட்ட பிறகு பிளம்பர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், மிஞ்சியிருக்கும் வழிகளில் ஒன்றைத்தான் அவரால் தேர்ந்தெடுக்க முடியும்.

## ஏன் கழிவிலிருந்து தொடங்க வேண்டும்

நல்ல தண்ணீரை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். மேலே ஏற்றலாம், வளைக்கலாம், சுவரில் பதிக்கலாம், போதாவிட்டால் மோட்டார் வைக்கலாம். கழிவு அப்படி வராது. அது தன் எடையால் சரிந்து ஓட வேண்டும், குழாய் பாதி காலியாக இருக்க வேண்டும், பின்னால் காற்று வர வேண்டும். ஆகவே புதுக் குளியலறை எங்கே அமையலாம், தரை எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது செப்டிக் டேங்கின் நுழைவுக் குழாய்தான். டைல்ஸ் நிறமும் ஷவர் மாடலும் அதற்குப் பிறகு.

கீழே திரும்பத் திரும்ப வரும் சில சொற்கள்:

1. அடிமட்டம்: குழாயின் உள்பக்கத் தரை. சரிவுக் கணக்கு எல்லாம் இதை வைத்துத்தான், குழாயின் மேல்முதுகை வைத்து அல்ல.
2. டிராப்: வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீரைத் தேக்கி வைத்து, நாற்றமும் பூச்சியும் மேலே வராமல் அடைக்கும் உறுப்பு. தேங்கும் நீர் 50 மி.மீ இருந்தால்தான் நம்பலாம். தரையில் இருப்பது நானி டிராப், முற்றத்தில் இருப்பது கல்லி டிராப்.
3. சங்கன் ஸ்லாப்: குளியலறைப் பகுதியில் மட்டும் 20 முதல் 30 செ.மீ தாழ்த்திப் போடும் தளம். கழிவுக் குழாய்கள் அந்தப் பள்ளத்துக்குள் ஓடும்.
4. வென்ட்: கழிவுக் குழாய்க்குக் காற்று கொடுக்கும் குழாய். இது இல்லாவிட்டால் மேலே ஃபிளஷ் அடிக்கும்போது கீழே நானி டிராப் குமிழியிட்டு, தேங்கின நீரை இழந்துவிடும். பிறகு நாற்றம்தான்.

## மட்டம் எடுப்பது

செலவில்லாத கருவி போதும்: 12 மி.மீ ஒளிபுகும் டியூப், உள்ளே குமிழி இல்லாமல் தண்ணீர். கொத்தனார்கள் தினமும் பிடிப்பதுதான். ஒரு முனையை செப்டிக் டேங்க் பக்கமும் மறுமுனையைக் குளியலறை வரப்போகும் இடத்திலும் பிடித்து ஒரே மட்டத்தில் இரண்டு குறி போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் குறியிலிருந்து டேங்கின் நுழைவுக் குழாய் அடிமட்டம் எவ்வளவு கீழே இருக்கிறது, முற்றத் தரை எவ்வளவு கீழே, வீட்டுத் தரை எவ்வளவு கீழே என்று மூன்று அளவும் எழுத வேண்டும்.

கக்கூஸ் கழிவுக்கு 110 மி.மீ குழாய். அதற்கு 40-க்கு 1 முதல் 60-க்கு 1 வரை சரிவு பொருந்தும். 50-க்கு 1 என்று வைத்துக் கணக்குப் போடுவோம். குளியலறையிலிருந்து டேங்க் வரை 14 மீட்டர் என்றால் 28 செ.மீ இறக்கம் வேண்டும். டேங்கின் நுழைவு முற்றத் தரைக்கு 60 செ.மீ கீழே இருந்தால் குளியலறை முனையில் குழாய் 32 செ.மீ ஆழத்தில் கிடக்கும். கவலையில்லை. அதே நுழைவு 30 செ.மீ ஆழத்தில்தான் இருக்கிறது என்றால் குளியலறை முனையில் மிஞ்சுவது 2 செ.மீ. அப்போது குழாயின் முதுகு முற்றத்துக்கு மேலே 9 செ.மீ துருத்திக்கொண்டு நிற்கும். அதன் மேல் ஸ்கூட்டர் ஏறும், வெயில் அடிக்கும், ஒரு நாள் விரியும்.

இந்த நிலையில் குளியலறையை டேங்குக்கு அருகே நகர்த்தலாம், புது அறையின் தரையை உயர்த்தலாம், அல்லது புதிதாக ஒரு டேங்க் கட்டலாம். கடக்கால் (அஸ்திவாரம்) தோண்டும் முன் இது தெரிந்தால் மூன்றுமே கைவசம் இருக்கும். சரிவைக் குறைத்து எப்படியாவது சேர்த்துவிடுவது மட்டும் வேண்டாம். 100-க்கு 1 என்று கிடக்கும் குழாயில் தண்ணீர் போய்விடும், கனமானது தங்கிவிடும்.

குழாய்ப் பாதையில் 90 டிகிரி எல்போ போடுவதைத் தவிர்த்து இரண்டு 45 டிகிரி பெண்ட் போட வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் 45 செ.மீ சதுரத்தில் ஒரு சேம்பர், அதாவது திறந்து பார்க்கும் தொட்டி. சேம்பருக்கு இடமில்லாத மூலையில் டோர் பெண்ட். அதன் கதவு சுவரைப் பார்த்து இருந்தால் அடைப்பு எடுக்கும் நாளில் அதனால் எந்தப் பயனும் இல்லை.

## பழைய செப்டிக் டேங்க் தாங்குமா

வீட்டில் இப்போது ஐந்து பேர், மகன் குடும்பம் மாடிக்கு வந்தால் ஒன்பது பேர். ஐ.எஸ். 2470 என்ற இந்திய தர விதி, ஆண்டுக்கு ஒருமுறை சுத்தம் செய்வதானால் ஐந்து பேருக்கு 1.5 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம், 1 மீட்டர் நீராழம் கேட்கிறது. பத்துப் பேருக்கு 2 மீட்டர் நீளம், 0.9 மீட்டர் அகலம், அதே ஆழம். 1,125 லிட்டர் 1,800 லிட்டர் ஆக வேண்டும் என்று பொருள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் சுத்தம் செய்வோம் என்றால் பத்துப் பேருக்கு நீராழமே 1.4 மீட்டர் வேண்டும்.

பழைய டேங்கை உடைக்க வேண்டியதில்லை. அதன் வெளியேற்றத்தில் இரண்டாவது டேங்கைத் தொடராக வைக்கலாம். ஆனால் முதலில் பழையது உண்மையிலேயே டேங்க்தானா என்று பார்க்க வேண்டும். இந்தப் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில் செப்டிக் டேங்க் என்று சொல்லப்படுவது, அடியில் காங்கிரீட் இல்லாத உறைக் குழி. அதில் இன்னும் நான்கு பேரின் கழிவைச் சேர்ப்பது நேராகக் கிணற்றில் சேர்ப்பதற்குச் சமம்.

கிணறுதான் இங்கே தீராத தலைவலி. டேங்கிலிருந்து வெளியேறும் நீரை மண்ணில் இறக்கும் உறிஞ்சுகுழி, குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். விதி. பக்கத்துக் கேரளத்தின் கட்டட விதிகள் கேட்கும் குறைந்தபட்சத் தூரம் 7.5 மீட்டர். ஐந்து சென்ட் விளை (மனை) சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 14 மீட்டர், மூலைக்கு மூலை 20 மீட்டர். 18 மீட்டர் கிடைக்க வேண்டுமானால் கிணறு ஒரு மூலையிலும் குழி எதிர் மூலையிலும் இருந்தாக வேண்டும். அப்போதும் அந்த எதிர் மூலைக்கு அடுத்த மதிலுக்குள் பக்கத்து வீட்டுக் கிணறு எங்கே இருக்கிறது? அதையும் அளக்க வேண்டும். அவர்களும் அதைத்தான் குடிக்கிறார்கள்.

தூரத்தோடு ஆழமும் சேர்ந்துதான் கணக்கு. இங்கே ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. ஐப்பசி மழை நன்றாகப் பெய்து முடிந்ததும் கிணற்றில் தண்ணீர் தரையிலிருந்து எத்தனை அடி கீழே நிற்கிறது என்று ஒரு கயிற்றில் அளந்து வையுங்கள். ஐந்து அடியில் நிற்கிறது, உறிஞ்சுகுழி பத்து அடி ஆழம் என்றால் குழியின் கீழ்ப்பாதி நிலத்தடி நீரிலேயே நிற்கிறது. அது எதையும் உறிஞ்சாது. கழிவு திரும்பி வரும், இல்லையேல் நிலத்தடி நீரோடு கலக்கும். இப்படிப்பட்ட இடத்தில் ஆழக் குழியை விட்டுவிட்டு, ஆழம் குறைந்த நீளமான வாய்க்காலில் ஜல்லி நிரப்பி, ஓட்டையிட்ட குழாய் போட்டுப் பரப்புவதே சரி. தயார்நிலை பிளாஸ்டிக் டேங்க் புதைப்பவர்கள் புதைத்த அன்றே அதில் தண்ணீர் நிரப்ப வேண்டும். காலி டேங்க் மழையில் மிதந்து கிளம்பி, குழாயைப் பிடுங்கிக்கொண்டு வரும்.

குளிக்கும் நீரையும் துவைக்கும் நீரையும் செப்டிக் டேங்கில் விடக் கூடாது. கனமானது அடியில் தங்க நேரம் கிடைக்காமல் எல்லாம் கலங்கி உறிஞ்சுகுழிக்குப் போய் அதை அடைத்துவிடும். அந்த நீரைத் தனிக் குழாயில் கல்லி டிராப் வழியாக வாழைக்கோ தென்னைக்கோ விடுவது இங்கே தெரிந்த வழிதான். சமையலறை நீர் மட்டும் முதலில் ஓர் எண்ணெய் வடிகட்டும் தொட்டியில் தங்கிப் போகட்டும், 45 செ.மீ கனசதுரம் போதும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உறையும். மழைக்கால இரவில் மண்ணுக்குள் கிடக்கும் குழாயின் உள்சுவரில் அது வெள்ளையாகப் படியும். மேலே கஞ்சித் தண்ணீர் சேரும். மூன்றாம் வருடம் 75 மி.மீ குழாயில் விரல் நுழையும் அளவு துளைதான் இருக்கும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. புதுக் குழாயை இணைப்பதற்காகப் பழைய டேங்குக்குள் யாரையும் இறக்காதீர்கள், ஐந்து நிமிடத்துக்குக்கூட. உள்ளே தேங்கியிருக்கும் வாயு இரண்டு மூச்சில் மயக்கிவிடும். காப்பாற்ற இறங்குபவரும் விழுவார். பாதுகாப்புக் கருவி இல்லாமல் டேங்கைச் சுத்தம் செய்ய ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட. லாரி வைத்து உறிஞ்சி எடுத்த பிறகு, வெளியிலிருந்தே சுவரில் துளை போட்டு இணைக்க முடியும்.

## மாடியில் குளியலறை: பழைய ஸ்லாபின் மேல் என்ன செய்வது

தரைத்தளக் கூரை சமமாகப் போட்ட ஸ்லாப். அதில் சங்கன் கிடையாது. அதனால் குளியலறைப் பகுதியில் 20 செ.மீ உயர்த்தி, குழாயைப் போட்டு, செங்கல் ஜல்லி நிரப்பிவிடுவார்கள். படி ஏறிப் போவது மட்டும்தான் இதில் குறை என்று நினைக்க வேண்டாம். செங்கல் ஜல்லிக் காங்கிரீட் ஒரு கனமீட்டர் சுமார் 1,900 கிலோ. 20 செ.மீ நிரப்பினால் சதுர மீட்டருக்கு 380 கிலோ. வீட்டு அறைத் தளத்தில் மனிதர், சாமான் எல்லாவற்றுக்குமாக எடுத்துக்கொள்ளும் வழக்கமான சுமையே சதுர மீட்டருக்கு 200 கிலோதான், மொட்டைமாடிக்கு 150. நிரப்பின ஜல்லி ஒன்றே அதை மீறிவிடுகிறது. பிறகு டைல்ஸ், சுவர், தண்ணீர் எல்லாம் வரும்.

நல்லதிலிருந்து வரிசையாக வழிகள்:

1. குளியலறையைப் பழைய ஸ்லாபுக்கு வெளியே, புதுத் தூண்களின் மேல் புது சங்கன் ஸ்லாபாகப் போடுவது. கீழே தரைத்தளத்துக்கும் அதே இடத்தில் ஒரு குளியலறை கிடைக்கும். இரண்டுக்கும் கழிவு ஒரே நேர்குழாயில் இறங்கும்.
2. பழைய ஸ்லாபின் மேலேயே வேண்டுமென்றால், வெளிச்சுவரை ஒட்டி வைத்து பி டிராப் கம்மோடு வாங்குவது. அதன் வெளியேற்றம் தரையிலிருந்து சுமார் 18 செ.மீ உயரத்தில் சுவர் வழியாக நேரே வெளியே போகும். ஸ்லாபைத் தொட வேண்டியதில்லை. குளிக்கும் நீருக்கு மட்டும் தரையைச் சிறிது உயர்த்தி, உயரம் குறைந்த டிராப் வைத்தால் போதும்.
3. ஸ்லாபில் கோர் கட்டிங் இயந்திரத்தால் துளை போட்டு, குழாய்களைக் கீழ் அறையின் கூரைக்கு அடியில் தொங்கவிட்டு, ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைப்பது. பீமிலும் தூண் அருகிலும் துளை கூடவே கூடாது. கீழே இருப்பது சமையலறை, பூஜை அறை என்றால் இந்த வழியை விட்டுவிடுங்கள்.
4. ஜல்லி நிரப்புவதுதான் ஒரே வழி என்றால் எடை குறைந்த நிரப்பும், கட்டமைப்புப் பொறியாளரின் கையெழுத்தும் வேண்டும்.

எந்த வழியானாலும் கம்மோடு மாடலை ஸ்லாபுக்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். எஸ் டிராப் தரைக்குள் இறங்கும். துளையின் மையம் பூசி டைல்ஸ் ஒட்டின சுவரிலிருந்து எத்தனை செ.மீ என்பது மாடலுக்கு மாடல் மாறும். நேர்குழாயை மாடிக் கூரைக்கு மேல் வரை நீட்டி, கவுல் (காற்றோட்ட மூடி) மாட்டி, கொசுவலை கட்டுங்கள். செப்டிக் டேங்கிலிருந்து கொசு வெளியேறும் பெரிய வாசல் இந்த வென்ட் குழாய்தான்.

## ஷவரில் தண்ணீர் ஏன் வேகமில்லாமல் ஒழுகுகிறது

மாடி எடுத்தபின் அதிகம் கேட்கும் புகார் இது. காரணம் கணக்கில் இருக்கிறது. ஒரு மீட்டர் நீர் உயரம் கொடுப்பது சதுர செ.மீ-க்கு 0.1 கிலோ அழுத்தம். மாடித் தரையிலிருந்து கூரை மேல்மட்டம் 3.1 மீட்டர், அதன் மேல் 1.2 மீட்டர் உயரத்தில் டேங்க்: மொத்தம் 4.3. ஷவர் தலை 2.1 மீட்டரில். மிஞ்சுவது 2.2 மீட்டர், அதாவது 0.22 கிலோ. அவ்வளவுதான் கையிருப்பு.

இதில் குழாய் எவ்வளவு தின்கிறது? ஒரு ஷவர் நிமிடத்துக்கு 12 லிட்டர் என்று வைத்தால், முக்கால் அங்குல சிபிவிசி (சுடுநீரும் தாங்கும் பிளாஸ்டிக்) குழாயில் 10 மீட்டருக்கு 0.4 மீட்டர் போகும். இரண்டு இடத்தில் ஒரே நேரம் திறந்தால் இழப்பு இரண்டு மடங்கு ஆவதில்லை, மூன்றரை மடங்கு ஆகும்: 1.5 மீட்டர். எல்போக்களின் இழப்பையும் சேர்த்தால் 2.2-ல் மிச்சம் என்ன? அதே தண்ணீரை ஒரு அங்குலக் குழாயில் விட்டால் இழப்பு 0.45 மீட்டர்தான். எனவே டேங்கிலிருந்து வெளியே வரும் குழாய் ஒன்றேகால் அல்லது ஒன்றரை அங்குலம், ஒவ்வொரு குளியலறைக்கும் ஒரு அங்குலம், உள்ளே பிரிவது முக்கால், கடைசித் துண்டு மட்டும் அரை அங்குலம். கீழ்த்தளக் குளியலறையின் அரை அங்குலக் குழாயிலிருந்து டீ போட்டு மேலே எடுப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

டைவர்ட்டர் வைத்த பெரிய ஷவர்களுக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை அழுத்தம் வேண்டும். அதை வாங்குவதாக இருந்தால் பிரஷர் பம்ப் ஒன்றுக்கு மின்இணைப்பும் இடமும் இப்போதே ஒதுக்குங்கள். பம்பை மாடியின் தனிக் குழாயில் மட்டும் மாட்ட வேண்டும்.

டேங்க் கொள்ளளவு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர். ஒன்பது பேருக்கு 1,215. ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஒரு டன். அதை ஸ்லாபின் நடுவில் வைக்காமல் சுவர்கள் சந்திக்கும் மூலையில் வைக்க வேண்டும். டேங்கின் வெளியேற்றத்தில் வால்வுக்கு அடுத்து ஒரு டீ வைத்து, டேங்க் நிறையும் மட்டத்துக்கும் மேலே நீளும் காற்றுக் குழாய் ஒன்று விட்டால், டேங்க் காலியாகி நிறையும்போதெல்லாம் வரும் ஏர் லாக் தொல்லை போகும்.

இன்னொரு விளைவைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. டேங்க் ஒரு மாடி உயர்ந்ததும் தரைத்தளக் குழாய்களில் அழுத்தம் 0.3 கிலோ கூடுகிறது. இந்தப் பக்கத்துச் செம்மண், வெட்டுக்கல் நிலத்துக் கிணற்று நீர் பொதுவாக அமிலத்தன்மை கொண்டது, ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயை உள்ளிருந்து அரிக்கும். இருபது ஆண்டு அப்படி அரிபட்ட குழாய் பழைய அழுத்தத்தில் தாங்கிக்கொண்டிருந்திருக்கும். புது அழுத்தத்தில் சுவருக்குள் கசியத் தொடங்கும். பழி புது வேலையின் மேல் விழும். மாடி எடுக்கும்போதே கீழ்த்தள ஜி.ஐ. குழாயையும் மாற்றப் பணம் ஒதுக்குவது நல்லது. கீசர் வாங்குபவர்கள், அதன் உள்தொட்டி துருப்பிடிக்காமல் காக்கும் ஆனோடு கம்பியை வருடத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லவும். இந்தத் தண்ணீரில் அது சீக்கிரம் கரையும்.

## இணைப்புகளில் தவறுவது

1. சிபிவிசி குழாய்க்கு சிபிவிசி சொல்யூஷன்தான். பிவிசி சொல்யூஷன் அன்று பிடிக்கும், சுடுநீர் போனபின் விடும்.
2. பிளாஸ்டிக் மரையில் டேப்பைத் தடிமனாகச் சுற்றி முறுக்கினால் சாக்கெட் விரியும். டாப் வரும் இடமெல்லாம் பித்தளை மரை கொண்ட எல்போ வைக்க வேண்டும்.
3. 10 மீட்டர் சிபிவிசி, 30 டிகிரி சூடேறினால் சுமார் 2 செ.மீ நீளும். கிளாம்பை இறுக்கிப் பிடித்தால் எல்போ உடையும். நீண்ட ஓட்டத்தில் ஒரு வளையம் விடுங்கள்.
4. ரிங் வைத்த கழிவுக் குழாயைச் சொருக சோப்புத் தண்ணீர் போதும். கையில் கிடைக்கிறதென்று எண்ணெய் தடவினால் ரப்பர் ஊதிக் கெடும். முழுக்கச் சொருகியபின் 1 செ.மீ வெளியே இழுத்து விட வேண்டும், நீள்வதற்கு இடம்.
5. பழைய கடக்காலும் புதுக் கடக்காலும் ஒரே அளவில் அமராது. புதியது முதல் இரண்டு மழையில் சிறிது இறங்கும். இரண்டையும் கடக்கும் 110 மி.மீ குழாயைக் கலவையால் இறுக்கிப் பூசிவிட்டால் அந்த இடத்தில்தான் முறியும், அதுவும் தரைக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல். கடக்கால் கட்டும்போதே 160 மி.மீ குழாய்த் துண்டைப் பதித்து வைத்து, அதற்குள் 110-ஐ விட்டு, சுற்றிலும் இளகின பொருளால் அடைக்க வேண்டும்.
6. கழிவுக் குழாய்க்குத் தோண்டும் பள்ளம் பழைய கருங்கல் கடக்காலை ஒட்டி அதைவிட ஆழமாகப் போகக் கூடாது. ஆழம் தேவைப்பட்டால் அந்த அளவுக்குத் தள்ளிப் போங்கள்.

## பூச்சுக்கு முன் மூன்று சோதனை

நீர்க் குழாய்: சொல்யூஷன் போட்டு ஒரு நாள் ஆனபின், எல்லா முனையும் அடைத்து, காற்றை வெளியேற்றி, கை பம்பால் 6 கிலோ ஏற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். முள் இறங்கக் கூடாது. டைல்ஸ் வேலை முடியும் வரை குழாயில் தண்ணீர் நிரம்பியே இருக்கட்டும். ஆணி அடித்த இடம் அப்போதே தெரிந்துவிடும்.

கழிவுக் குழாய்: கடைசி சேம்பரில் அடைத்து, மேலே வரை நீர் நிரப்பி, ஒவ்வோர் இணைப்பையும் காய்ந்த துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும்.

சங்கன் பள்ளம்: வாட்டர்புரூஃபிங் காய்ந்ததும் குழாய் போடும் முன் 48 மணி நேரம் நீர் தேக்கி, கீழ்ப்பக்கம் ஈரம் காட்டுகிறதா என்று பாருங்கள். குழாய் போட்டபின் அது ஸ்லாபைத் துளைக்கும் இடங்களைச் சுற்றித் திரும்பவும் பூசி, இன்னொரு முறை தேக்குங்கள். இரண்டாவது தேக்கத்தைத்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள், ஒழுகுவதும் பெரும்பாலும் அந்த வளையத்தில்தான்.

சோதனை முடிந்த அன்று, பூச்சு ஏறும் முன், ஒவ்வொரு சுவரையும் இஞ்ச் டேப்பை விரித்துப் பிடித்தபடி படம் எடுத்து வையுங்கள். தரையிலிருந்து எத்தனை அங்குலத்தில் குழாய் ஓடுகிறது, மூலையிலிருந்து எத்தனை அங்குலத்தில் மேலேறுகிறது என்று படத்திலேயே படிக்க முடிய வேண்டும். கீசர் மாட்டத் துளை போட வருபவருக்கு முதலில் காட்ட வேண்டியது அதைத்தான்.